பாலன் படுக்கும் இடம் காலியாக இருக்கட்டும்: எங்கள் கடற்கரையில் கிறிஸ்மஸ் குடில் வைக்கும் முறை

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். கோட்டார் திருவிழா முடிந்து வீடு திரும்பும் அன்று ராத்திரியே எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் வேலை தொடங்கிவிடும். அன்றைக்குக் குமரி மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை என்பதால் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. அம்மா ஒரு தோளில் தூங்கிப்போன தம்பியையும் இன்னொரு கையில் கடைவீதியில் வாங்கிய வர்ணக் காகிதச் சுருளையும் பிடித்தபடி வருவாள். தம்பி அழுதாலும் பரவாயில்லை, காகிதம் கசங்கக் கூடாது அவளுக்கு.

நான் குளச்சலுக்கும் தேங்காப்பட்டினத்துக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரி. வயது 60 தாண்டிவிட்டது. சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் மகள் இந்த வருஷம் முதல்முறையாகத் தன் வீட்டில் குடில் வைக்கப் போகிறாள். "நம்ம ஊரு முறையில, ஒண்ணு விடாம எழுதி அனுப்பும்மா" என்றாள். அவளுக்கு எழுதியதுதான் இது. வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சந்தோஷம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் செட்டாகச் சுரூபங்களை (சிறு சிலைகளை) வாங்கி, டிசம்பர் முதல் தேதியே பாலனையும் (குழந்தை இயேசுவையும்) சேர்த்து அடுக்கி விளக்குப் போட்டுவிடுகிறவர்கள் இப்போது நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாலன் 24 ராத்திரி சாமப் பூசையில்தான் (நள்ளிரவுத் திருப்பலி) பிறக்கிறார். அதுவரைக்கும் அவர் படுக்கும் இடம் காலியாகக் கிடக்க வேண்டும். இடத்துக்குத் தகுந்தபடி வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், இதை மட்டும் மாற்றாதீர்கள்.

முதல் வேலை பச்சை விதைப்பது. குடிலைச் சுற்றி வரும் வயலும் புல்வெளியும் உயிருள்ளதாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிடிவாதம். பிளாஸ்டிக் புல்லை எங்கள் வீட்டுக்குள் நான் விட்டதே இல்லை. கேழ்வரகு மெல்லிய புல்லாக அடர்ந்து வரும், மேய்ச்சல் நிலத்துக்கு அது. நெல் நிமிர்ந்து நிற்கும், வயலுக்கு அது. நெல்லை ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் முடிந்து வைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ முளை கண் விடும். தேங்காய்ச் சிரட்டையின் கண்ணைத் துளைத்துவிட்டு, முக்கால் அளவு மணல் கலந்த மண் போட்டு, முளை விட்ட நெல்லை நெருக்கமாகப் பரப்பி, மேலே ஒரு விரல் கனம்கூட இல்லாமல் மண் தூவுங்கள். டிசம்பர் 12, 13 வாக்கில் விதைத்தால் 24-க்கு நாலு விரல்கடை உயரம் வந்திருக்கும். கேழ்வரகுக்கு ஒரு ராத்திரி ஊறினால் போதும், 15-ஆம் தேதிக்கு மேல் விதைக்கலாம். சீக்கிரம் விதைத்துவிட்டால் கிறிஸ்மஸுக்குள் வளர்ந்து சாய்ந்து மஞ்சளாகிவிடும். தண்ணீரை ஊற்றாதீர்கள், காலையிலும் மாலையிலும் கையால் தெளித்தால் போதும்.

ஒரு வருஷம் 24 சிரட்டையில் விதைத்து முற்றத்தில் வரிசையாக வைத்திருந்தேன். 20-ஆம் தேதி காலையில் கோழிகள் அத்தனையையும் கிளறித் தின்றுவிட்டன. பிள்ளைகள் அழுதுகொண்டே அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்குக் குழுவில்) வீடுவீடாகப் போய் ஆளுக்கு ஒரு சிரட்டை வாங்கி வந்தார்கள். அதிலிருந்து நாங்கள் எல்லா வீட்டிலும் இரண்டு சிரட்டை கூடுதலாகவே விதைக்கிறோம், யாருக்காவது தேவைப்படும் என்று. மாடி வீட்டில் கோழி இருக்காது, புறா இருக்கும். வலைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடிவையுங்கள்.

அடுத்தது மலை. ஒரு வாரம் முன்னால் கட்டத் தொடங்கினால் போதும். பழைய செங்கலையும் சிரட்டையையும் மரத்துண்டையும் படிப்படியாக அடுக்கி, அதன்மேல் சணல் சாக்கைப் போர்த்த வேண்டும். செம்மண்ணைக் கூழ் பதத்தில் கரைத்து, சாக்கை அதில் முக்கிப் பிழியாமல் எடுத்து, அடுக்கின்மேல் விரித்து, கையால் அங்கங்கே மடிப்பு விட்டால் பாறை மாதிரியே விழும். இரண்டு நாளில் காய்ந்து நிற்கும். சிமென்ட் பாலில் முக்குகிறவர்களும் உண்டு. அது கனம், கையையும் அரிக்கும், கழற்றும்போது எறியத்தான் வேண்டும். செம்மண் சாக்கைக் கழுவி அடுத்த வருஷமும் பயன்படுத்தலாம். மண்ணைக் கொண்டுவர முடியாத வீட்டில் பழைய செய்தித்தாளைக் கசக்கி, மைதாப் பசையில் ஒட்டி, ஆறிய தேயிலைச் சாற்றைத் தூரிகையால் இழுத்தால் போதும். மேசைமேல் வைப்பதானால் முதலில் ஒரு பாலித்தீன் விரிப்பு போடுங்கள். மூன்றடிக்கு இரண்டடி இடம் இருந்தால் நன்றாகவே செய்யலாம்.

குடில் வீடு மலையின் நடுவில் வரக் கூடாது, கொஞ்சம் ஓரமாக, தாழ்வாக இருக்கட்டும். சத்திரத்தில் இடமில்லாமல் போய்த் தங்கிய இடம் அல்லவா? நாலு மூங்கில் கால், மேலே ஓலைக் கிடுகு. கூரை, நிற்கிற சுரூபத்தின் தலைக்குமேல் ஒரு சாண் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே இருட்டு விழும். மாடும் கழுதையும் பாலனை மறைக்காமல் படுக்கிற அகலம் வேண்டும்.

எங்கள் கரையில் குடிலுக்கு முன்னால் கடலும் வரும். பெத்லகேமில் கடல் ஏது என்று என் மருமகன் கேட்டார். எங்களுக்கு வாசலிலேயே கடல்தானே, அதை விட்டுவிட்டு எப்படிச் செய்வது? வெள்ளை மணலைப் பரப்பி, நீலக் காகிதத்தின்மேல் கண்ணாடித் துண்டு வைத்து, தென்னை மட்டையைச் செதுக்கி ஒரு வள்ளமும் கட்டுமரமும் விடுவோம். கிழிந்த வலையில் ஒரு முழம் மணலில் காயும். இடையர்களோடு கூட இரண்டு மீன்பிடிக்காரப் பொம்மைகளையும் நிறுத்துவார் அப்பா. "ராவுல கண்ணு முழிச்சிக் கிடந்தவனுக்குத்தான் சம்மனசு வந்து சொல்லிச்சு மக்களே. நம்மளும் ராவுல கண்ணு முழிச்சிக் கிடக்கவங்கதான்" என்பார். சம்மனசு என்றால் வானதூதர். சென்னையிலும் அந்த வள்ளத்தை விடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி வைக்கோல். அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் முதன்முதலாகக் குடில் காட்டியபோது அங்கே சுரூபம் எதுவும் கிடையாது. வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். அதனால் காசு குறைவாக இருந்தால் சுரூபத்தில் குறையுங்கள், வைக்கோலில் குறைக்காதீர்கள். எங்களுக்கு வயல் கிடையாது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்த வைக்கோல் அப்போது கிடைக்கும், மீன் விற்கப் போகிற அக்காமார் ஒரு கட்டு கொண்டுவந்து தருவார்கள். கிடைக்காத இடத்தில் தேங்காய்த் தும்பைப் பிரித்துப் போடலாம்.

அந்த வைக்கோலை மொத்தமாகத் தொட்டியில் திணிக்கக் கூடாது. திருவருகைக் காலத்தில் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம்) தினமும் மாலை ஜெபம் முடிந்ததும், அன்று ஒரு நல்ல காரியமோ ஒரு ஒறுத்தலோ (ஆசையை அடக்கும் தவமோ) செய்த பிள்ளை ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடும். என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது. அது பிள்ளைக்கும் பாலனுக்கும் இடையில். பாலன் மெத்தையில் படுப்பாரா, வெறும் பலகையில் படுப்பாரா என்பது இந்த வீட்டுப் பிள்ளைகளின் கையில் என்று மட்டும் அம்மா சொல்வாள். என் தம்பிக்கு ஐந்து வயதில் ஒரு நாள் விடியக்காலையில் எழுந்து பார்த்தேன். அவன் தொட்டிப் பக்கத்தில் குந்தியிருந்து தன் வைக்கோலை எடுத்து, பல்லால் கடித்து நசுக்கி, மெதுவாக்கித் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான். குத்தும் என்று நினைத்தானாம்.

இந்தக் காத்திருப்பு எங்கள் ஊருக்குப் பழகிய ஒன்று. ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் கொச்சியிலிருந்தும் குஜராத் பக்கமிருந்தும் கிறிஸ்மஸுக்கு வந்து சேருவார்கள். வருவாரா, எந்த நாள் வருவார் என்று வீட்டில் எண்ணிக்கொண்டிருப்போம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. அந்த டிசம்பரில் எங்கள் ஊரில் யாரும் நட்சத்திரம் தூக்கவில்லை, பாட்டுக்காரர்கள் வரவில்லை. குடில் மட்டும் வைத்தோம், விளக்கில்லாமல். பக்கத்து வீட்டு அக்கா வந்து காலித் தொட்டியின் முன்னால் முழங்கால் போட்டு ஒரு மணி நேரம் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் இன்றுவரை வரவில்லை. அந்தத் தொட்டியை முன்கூட்டியே நிரப்பாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சுரூபங்களை வைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாடும் கழுதையும். பிறகு இடையர்களும் ஆடுகளும், தூரத்தில். தேவமாதாவையும் சூசையப்பரையும் (மரியாளையும் யோசேப்பையும்) மலையின் அடுத்த முனையில் வைத்து, மலை காய்ந்த நாள் முதல் தினம் கொஞ்சமாக நகர்த்தி, 24 மாலையில் குடிலுக்குள் கொண்டுவருவோம். மூன்று ராசாக்களை அப்போது குடில் பக்கமே விடக் கூடாது. வீட்டின் வேறொரு மூலையில், ஜன்னல் திண்டிலோ அலமாரி மேலோ புறப்படட்டும். மூவரசர் திருநாளுக்குத்தான் வந்துசேர வேண்டும். நகர்த்தும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், சண்டை வரும், வரட்டும்.

விளக்கு விஷயத்தில் கவனம். வைக்கோல், கிடுகு, காகிதம் எல்லாமே பற்றிக்கொள்ளும் பொருள். குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். சீரியல் பல்பு போட்டால் வயர் இணைப்புகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, தண்ணீர் தெளிக்கிற சிரட்டைகளுக்கு எட்டாமல் கொண்டுபோங்கள். தூங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள்.

நட்சத்திரத்தைக் கடையில் வாங்குவதில் தவறில்லை. செய்ய ஆசையிருந்தால், ஒரே நீளத்தில் பத்து மூங்கில் வாரிகள் எடுத்து ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து கூர்முனைகளிலும் சேர்த்துக் கட்டி, உள்ளே வாரிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் அரையடிக் குச்சியைக் குறுக்கே முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். பசைக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவு காய்ச்சி, துளி மயில்துத்தம் கலப்போம், பூச்சி அரிக்காது. அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. பக்கவாட்டில் வரும் பத்து ஒடுங்கிய முக்கோணங்களை முதலில் ஒட்டிவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் கையை விட்டு பல்பு மாற்ற வழி வைக்க மறக்க வேண்டாம்.

பலகாரத்தில் கேக் இப்போது எல்லா வீட்டிலும் உண்டு, அச்சு முறுக்கும் அதிரசமும் உண்டு. ஆனால் முந்திரிக்கொத்து இல்லாமல் எனக்குக் கிறிஸ்மஸ் இல்லை. பெயரில்தான் முந்திரி, உள்ளே சிறுபயறு. ஒரு கிலோ சிறுபயற்றை மணம் வரும்வரை நிதானமாக வறுத்து, ரொம்ப மாவாகாமல் கொஞ்சம் கரகரப்பாகத் திரியுங்கள். இரண்டு தேங்காயைத் துருவி, ஈரம் முழுக்கப் போய்ச் சிவக்கிறவரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மூன்றாம் நாளே காறல் வாடை வரும். 100 கிராம் எள்ளையும் வறுத்துச் சேர்த்து, ஏலமும் சுக்கும் பொடித்துப் போடுங்கள். முக்கால் கிலோ கருப்பட்டியை உருக்கி, வடிகட்டி (மண் இருக்கும், கட்டாயம் வடிகட்ட வேண்டும்), திரும்ப அடுப்பேற்றி இளம் கம்பிப் பதத்தில் இறக்கி மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே நெல்லிக்காய் அளவு உருட்டிவிடுங்கள். ஆறினால் உதிரும். ஒரு ராத்திரி அப்படியே இறுகட்டும். மறுநாள் அரைக் கிலோ பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு, தோசை மாவைவிடக் கொஞ்சம் கட்டியாகக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கித் தேங்காய் எண்ணெயில் விட வேண்டும். மூன்றும் ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். மாவு நீர்த்துவிட்டால் உருண்டை வாய் பிளந்து எண்ணெய் முழுக்கக் கருகும், ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். இரண்டு வாரம் கெடாது.

முதல் தட்டு நம் வீட்டுக்கு இல்லை. தேங்காப்பட்டினத்துச் சாயிபு வீட்டுக்கும், மேற்கே அம்மன்கோயில் தெரு வீடுகளுக்கும் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் நாங்கள் தொடுவோம். பெருநாளைக்குச் சாயிபு வீட்டிலிருந்தும் தீபாவளிக்கு அம்மன்கோயில் தெருவிலிருந்தும் வந்த தட்டுகள் அலமாரியில் காத்துக்கொண்டிருக்கும், வெறும் தட்டைத் திருப்பக் கூடாதே.

24-ஆம் தேதி ஒருசந்தி, ஒரு நேரம் மட்டும் சாப்பிடும் நோன்பு. இப்போது சட்டமாக இல்லை, எங்கள் வீட்டில் விடவில்லை. பகலில் ஒரு நேரம் மீன்குழம்புச் சோறு, இறைச்சி கிடையாது. வேலை அதிகமான நாள், அதனால் மதியத்துக்குள் கூட்டித் துடைத்து, பச்சைச் சிரட்டைகளைக் குடிலில் இறக்கி, புதுத் துணிகளை எடுத்து வைத்துவிடுங்கள். மாலையில் பாட்டுக்காரப் பிள்ளைகள் வந்தால் கொடுக்கச் சுக்குக்காப்பி ஒரு பாத்திரம் தயாராக இருக்கட்டும்.

பதினொரு மணிக்குக் கோயிலில் இருந்தால்தான் உள்ளே இடம் கிடைக்கும். பூசையில் 'உன்னதங்களிலே' என்ற பாட்டு தொடங்கும்போது மணி எல்லாம் ஒன்றாக அடிக்கும், குடிலின் திரை விலகும், சாமியார் (பங்குக் குரு) பாலனைக் கையில் ஏந்தி வந்து கிடத்துவார். 1544-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சவேரியார் எங்கள் கரையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த டிசம்பரிலிருந்து இந்த மணலில் எத்தனை தலைமுறை இந்த நேரத்துக்குக் காத்து நின்றிருக்கும் என்று நான் ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன். பூசை முடிந்து எல்லோரும் பாலனின் பாதத்தை முத்தி செய்துவிட்டு (முத்தமிட்டுவிட்டு) வீட்டுக்கு வருவோம்.

வீட்டில் விளக்கைப் போடாதீர்கள். இருட்டில் எல்லோரும் குடிலைச் சுற்றி நில்லுங்கள். வீட்டிலேயே சிறிய பிள்ளை பாலனை எடுத்து, அந்த வைக்கோலில் படுக்க வைக்கட்டும். பிறகு விளக்கு, பிறகு பாட்டு, பிறகு ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம், பிறகுதான் முந்திரிக்கொத்து. பிள்ளை இல்லாத வீட்டில் வயதில் மூத்தவர் வைப்பார்.

25-ஆம் தேதியைப் பற்றி எழுத அதிகமில்லை. ஆப்பமும் ஆட்டுக்கறியும், உறவுக்காரர்கள், தூக்கம்.

26 எங்களுக்கு வேறு நாள். 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் முந்தின நாள் புதுத்துணியோடு முற்றத்தில் நின்றபோதுதான் கடல் எழுந்து வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் எத்தனை வீடுகள் ஆளற்றுப் போயின. எங்கள் வீட்டில் குடிலையும் சுவரையும் கொண்டுபோய்விட்டது, ஆட்களை விட்டது. மூன்று நாள் கழித்துத் தென்னந்தோப்பு மணலில் சூசையப்பர் சுரூபம் மட்டும் கிடைத்தது, வலது கை இல்லாமல். புதிய செட் வாங்கித் தருகிறேன் என்று மகள் பலமுறை சொல்லிவிட்டாள். மற்றவை எல்லாம் புதிதுதான், அவர் மட்டும் அவரே. கிறிஸ்மஸுக்கு வாங்கும் பூவில் ஒரு முழத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். 26 காலையில் பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போக வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் அந்தப் பூவைக் குடிலின் ஓரம், மணலும் வள்ளமும் இருக்கும் பக்கம் வைத்தால் போதும். அன்று மட்டும் குடில் விளக்கைப் போட வேண்டாம்.

ஜனவரி 6 ராசாக்கள் வந்துசேர்ந்ததும் கழற்றலாம். பச்சை அதற்குள் நீண்டு தலை சாய்ந்திருக்கும், எங்கள் ஊரில் ஆட்டுக்குப் போடுவோம். சுரூபங்களை ஈரமில்லாத துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள், செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். ராசாக்கள் அடியில், பிறகு இடையர்கள், மாடு கழுதை, மாதா, சூசையப்பர். பாலனைக் கடைசியாக, தொட்டியில் பிள்ளைகள் போட்ட அந்த வைக்கோலோடு சேர்த்துச் சுற்றி, மேலே வைத்துப் பெட்டியை மூடுங்கள்.